பாரிஸ் பயணத்துக்கு நாள் பார்ப்பது எப்படி: வன்னியிலிருந்து இளவேனிலில் புறப்படுவோருக்கு

நமது பஞ்சாங்கம் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்று சொல்கிறது. கிளிநொச்சியிலோ ஒட்டுசுட்டானிலோ அந்த இரண்டு மாதங்களும் எப்படி இருக்கும் என்பதை இங்கே வாழ்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. குளத்து நீர் இறங்கத் தொடங்கிவிடும், நண்பகலில் கிரவல் வீதியில் வெறுங்காலை வைக்க முடியாது, இளவேனில் என்ற சொல்லில் உள்ள இளமை எங்கே போனது என்று தெரியாது. ஆனால் அதே காலத்தை, அதாவது ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரையான இரண்டு மாதங்களைப் பாரிசில் வைத்துப் பார்த்தால் பஞ்சாங்கத்தின் சொல் அப்படியே பொருந்திவிடுகிறது. பாரிசில் இருக்கும் மகளோ தம்பியோ “வசந்தத்துக்கு வாங்கோ” என்று அழைத்தால், நாள் பார்க்கத் தொடங்க வேண்டிய எல்லை இந்த இரண்டு மாதங்கள்தான்.

பிரெஞ்சு நாட்காட்டி வசந்தத்தை மார்ச் 20 அளவில் தொடக்கி வைக்கிறது. அன்று பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகின்றன என்பது உண்மை, ஆனால் அந்தக் கணக்கு மரங்களுக்குத் தெரியாது. நான் முதல் முறை அம்மாவைக் கூட்டிச் சென்றது அந்தக் கணக்கை நம்பித்தான். மார்ச் கடைசி என்றால் வசந்தம் வந்துவிடும், பயணச்சீட்டும் மலிவு என்று ஒரு முகவர் சொன்னார். மலிவு என்பது மட்டும் உண்மையாக இருந்தது. பாரிசின் வடக்குப் புறநகரான லா கூர்னவ்வில் அக்காவின் தொடர்மாடி வீட்டில், யன்னலோரத்து வெப்பமூட்டியை விட்டு விலகாமல் இருந்த அம்மா, கீழே தெருவோர மரங்களைப் பார்த்து, “உதென்ன பிள்ளை, இஞ்சை முழு மரமும் பட்டுப்போச்சே?” என்று கேட்டார். அவை பட்டுப்போன மரங்கள் அல்ல. பாரிஸ் தெருக்களில் நிழல் தரும் பிளேன் மரங்கள், ஏப்ரல் பாதிக்குப் பிறகே நன்றாக இலை விடுபவை. அவை இலை விடுவதற்கு முன்பே நாங்கள் ஊருக்குத் திரும்பிவிட்டோம்.

குளிரை நமது அளவையால் அளந்து பாருங்கள்

பாரிசில் பகலின் உச்ச வெப்பநிலை சராசரியாக மார்ச்சில் 12 அல்லது 13 பாகை, ஏப்ரலில் 16, மே மாதத்தில் 20, ஜூனில் 23 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். விடியற்காலையில் மார்ச் மாதம் 5 பாகைக்கும், ஏப்ரலில் 7 பாகைக்கும், மே மாதத்தில் 11 பாகைக்கும் இறங்கும். வன்னியில் பிறந்து வளர்ந்த உடம்புக்கு இந்த எண்கள் எதையும் சொல்லமாட்டா. ஆகவே வேறு விதமாகச் சொல்கிறேன்: மார்கழி, தை மாதங்களில் நாம் தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு தேநீர்க் கடைக்குப் போகும் விடியற்காலைக் குளிர் இருக்கிறதே, அதுதான் மே மாதத்துப் பாரிசின் நண்பகல். ஏப்ரல் நண்பகல் அதனிலும் குளிர்ந்தது. அங்கே வாழும் பிள்ளைகள் தொலைபேசியில் “இப்ப குளிர் இல்லை, நல்ல வெயில்” என்று சொல்வதை இதை மனதில் வைத்துத்தான் கேட்க வேண்டும். இருபது ஆண்டுகள் அங்கே இருந்தவருக்கு 15 பாகை வெயில், நேற்று வந்திறங்கியவருக்கு அது நடுக்கம்.

மார்ச் மாதத்துக்கென்றே பிரெஞ்சுக்காரர்கள் ஒரு மழையை வைத்திருக்கிறார்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் வெயில், மழை, சில வேளைகளில் ஆலங்கட்டி என்று மாறி மாறி வரும் அந்தத் திடீர் மழையை அவர்கள் ‘ஷிபூலே’ என்பார்கள். ஏப்ரல் அதைவிடச் சற்று அமைதியானது, ஆனால் நம்பத்தகுந்தது அல்ல. ஏப்ரலில் உடம்பிலிருந்து ஒரு நூலைக்கூடக் களையாதே, மே மாதத்தில் விரும்பியபடி செய் என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. அந்த மே மாதத்தையும் அவர்களுடைய தோட்டக்காரர்கள் முழுவதுமாக நம்புவதில்லை. மே 11, 12, 13 ஆகிய மூன்று நாட்களையும் பனிப் புனிதர்களின் நாட்கள் என்று சொல்லி, அவை கழிந்த பிறகே தக்காளிக் கன்றை வெளி நிலத்தில் நடுகிறார்கள். நாம் பட்டம் பார்த்து விதைப்பதைப் போன்ற ஒரு முறைதான் அது, ஆகவே கமக்காரர் ஒருவர் அதை நம்பிப் பயண நாளைக் குறித்தால் தவறில்லை.

மழையின் அளவு நம்மை அச்சுறுத்தக் கூடியது அல்ல. ஆண்டு முழுவதும் பாரிசில் பெய்வது ஏறத்தாழ 640 மில்லிமீற்றர், அதுவும் எல்லா மாதங்களுக்கும் பங்கு பிரித்தது போல வரும். ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு ஒரே மூச்சில் கொட்டித் தீர்க்கும் வடகீழ்ப் பருவ மழையோடு இதை ஒப்பிடவே முடியாது. ஆனாலும் அது நாள் முழுவதும் தூறிக்கொண்டிருக்கும் மழை. நனைந்தால் இங்கே போல அரை மணித்தியாலத்தில் உடுப்பு காயாது. மழைக்காகத் திகதியை மாற்ற வேண்டாம், குடையை மட்டும் மறக்க வேண்டாம்.

இன்னுமொரு விடயத்தை எந்தப் பயணக் கையேடும் சொல்லாது. பாரிசின் பழைய தொடர்மாடிகள் பலவற்றில் வெப்பமூட்டி கட்டடம் முழுவதற்கும் பொதுவானது. வழமையாக ஒக்டோபர் 15 அளவில் போட்டு, ஏப்ரல் 15 அளவில் நிறுத்துவார்கள். நிறுத்திய பிறகு குளிர் திரும்பி வந்தால் வெளியிலும் குளிர், வீட்டினுள்ளும் குளிர். முதியவர்கள் ஏப்ரல் கடைசியில் போவதாக இருந்தால், நீங்கள் தங்கப்போகும் வீட்டில் எப்போது நிறுத்துவார்கள், தனியாக ஒரு மின் வெப்பமூட்டி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

பூவைப் பார்க்கப் போகிறவர்கள்

பூக்கள் ஒரே நாளில் மலர்வதில்லை, ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வருகின்றன. எந்தப் பூவை விரும்புகிறீர்கள் என்று தெரிந்தால் கிழமையும் தெரிந்துவிடும். மார்ச் நடுவிலும் கடைசியிலும் பலே ரோயால் முற்றத்தில் மக்னோலியா இலையில்லாக் கிளைகளில் மலர்கிறது. மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில் தாவரவியற் பூங்காவான ஜார்தன் டி பிளாந்தில் நிற்கும் வெள்ளைச் செரி மரம் தரைவரை படர்ந்து பூக்கிறது. ஏப்ரல் முழுவதும் துய்லரி, லுக்சம்பூர் தோட்டங்களில் துலிப் பாத்திகள் இருக்கும். ஏப்ரல் பிற்பகுதியில் சுவர்களில் ஊதா நிறக் கொடிப்பூ தொங்கத் தொடங்கும், கஷ்கொட்டை மரங்கள் மெழுகுதிரி நட்டது போலப் பூங்கொத்து விடும். மே கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை ரோசாக்களின் காலம், அதற்குப் புலோன் காட்டிலுள்ள பகத்தேல் தோட்டத்தை விட நல்ல இடம் வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, நமது ஆட்கள் படம் எடுத்து அனுப்பி நாம் ஏங்கிப் பார்க்கும் அந்த இளஞ்சிவப்புச் செரிப் பூக்கள் பாரிசுக்குத் தெற்கே உள்ள சோ பூங்காவில் இருக்கின்றன. அங்கே ஒரு தோப்பில் வெள்ளை, இன்னொரு தோப்பில் அடர்ந்த இளஞ்சிவப்பு. இளஞ்சிவப்புத் தோப்பு பெரும்பாலும் ஏப்ரல் இரண்டாம், மூன்றாம் கிழமைகளில் நிறைந்து நிற்கும். பிந்திய குளிராலோ முந்திய வெயிலாலோ ஒரு கிழமை முன்பின் ஆகலாம். நிறைந்த பூ பத்து நாட்கள் வரைதான் நிற்கும், இடையில் காற்றும் மழையும் சேர்ந்து வந்தால் அதுவும் இல்லை. ஆகவே ஐந்து நாட் பயணத்தில் இதைப் பிடிக்க நினைப்பது சூதாட்டம். ஏப்ரல் 8 அளவில் இறங்கி, குறைந்தது இரண்டு கிழமைகளாவது நிற்பவருக்கே அது அனேகமாகக் கிடைக்கும். வசதி என்னவென்றால், ஆர்.இ.ஆர். ‘பி’ தொடருந்துத் தடம் விமான நிலையத்திலிருந்து லா கூர்னவ், கார் டு நோர் நிலையங்கள் வழியாக நேரே சோவுக்குப் போகிறது. லா சப்பல் தமிழ்க் கடைகளுக்குப் பக்கத்திலேயே கார் டு நோர் இருப்பதால், நம்மவர் பலருக்குத் தொடருந்து மாறாமலே பூங்காவுக்குப் போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமையில் போனால் மரத்தடியில் பாய் விரிக்க இடம் கிடைக்காது, கிழமை நாளில் போக வேண்டும்.

கிளோத் மொனே என்ற ஓவியர் வாழ்ந்த ஜிவர்னித் தோட்டத்தையும் அல்லிக் குளத்தையும் பார்க்க விரும்புகிறவர்கள், அது ஏப்ரல் 1 முதல் நவம்பர் 1 வரை மட்டுமே திறந்திருக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். அல்லி பூப்பதற்கு ஏப்ரல் போதாது. நமது குளங்களில் தாமரையும் அல்லியும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தக் குளம் சிறிதாகவே தெரியும் என்பது என் கருத்து, ஆனால் அதைச் சுற்றியிருக்கும் தோட்டத்தின் நிறங்கள் வேறு.

முட்டு வருத்தம் உள்ளவர்களுக்கு இந்தப் பூக்காலமே இடைஞ்சலாகலாம். ஏப்ரலில் பேர்ச், பிளேன் மரங்களின் மகரந்தமும், மே, ஜூனில் புல்லின் மகரந்தமும் காற்றில் நிறைகின்றன. இங்கே மருத்துவரிடம் முன்பே காட்டி, உள்ளிழுக்கும் மருந்தைக் கையில் கொண்டு போங்கள்.

வெளிச்சம் நீளும்போது

ஆண்டு முழுவதும் ஆறே முக்கால் மணிக்குள் பொழுது படும் நாட்டிலிருந்து போகிறவருக்குப் பாரிசின் மாலை பெரிய வியப்பு. மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அதிகாலை இரண்டு மணியை மூன்று மணி ஆக்குகிறார்கள். அதுவரை நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணித்தியால வித்தியாசம், அதன் பிறகு மூன்றரை. ஏப்ரல் தொடக்கத்தில் எட்டே கால் தாண்டியும், மே தொடக்கத்தில் ஒன்பது மணிக்கும், ஜூன் நடுவில் பத்துக்குச் சற்று முன்பும் சூரியன் மறைகிறது.

வெளிச்சம் நீண்டால் ஊர் சுற்ற நேரம் கூடும், அது நல்லதுதான். ஆனால் இருட்டிய பிறகு ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிடம் மின்னும் ஈபிள் கோபுரத்தைப் பார்ப்பதே அம்மாவின் ஆசை என்றால், ஜூனில் அதற்காக இரவு பத்தரை, பதினொரு மணி வரை புல்வெளியில் காத்திருந்து, பிறகு சனக்கூட்டத்தோடு மெத்ரோ பிடித்து, வீடு சேர நள்ளிரவாகும். சிறு பிள்ளைகளோடும் முழங்கால் நோவு உள்ளவர்களோடும் போகிறவர்களுக்கு ஏப்ரல் மாதமே இந்த ஒன்றில் நல்லது.

அவர்களுடைய விடுமுறைகள்

வன்னியிலிருந்து போகிறவர்களில் பெரும்பாலானோர் ஹோட்டலில் தங்குவதில்லை, உறவினர் வீட்டில் தங்குகிறார்கள். ஆகவே நாளைத் தீர்மானிப்பதில் பூவைவிட உறவினரின் லீவு முக்கியமானது என்று நான் உறுதியாகச் சொல்வேன். காலை ஐந்தரைக்கு வேலைக்குப் போய் இரவு வீடு திரும்பும் மகனைப் பார்க்கப் போய், நான்கு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்து திரும்பியவர்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர்.

பிரான்சில் வசந்தகாலப் பொது விடுமுறைகள் உயிர்த்த ஞாயிற்றைப் பிடித்துக்கொண்டு நகர்கின்றன. மார்ச் 21இலோ அதற்குப் பிறகோ வரும் முதலாவது பூரணையை அடுத்த ஞாயிறே உயிர்த்த ஞாயிறு; நமது வீட்டு நாட்காட்டியில் போயா நாளைப் பார்த்தே ஓரளவு கணக்கிட்டுவிடலாம். 2027இல் அது மார்ச் 28, 2028இல் ஏப்ரல் 16. அடுத்த நாள் திங்கள் விடுமுறை. அதிலிருந்து 39ஆம் நாள் வரும் விண்ணேற்ற வியாழன் விடுமுறை. 50ஆம் நாள் வரும் பெந்தகோஸ்துத் திங்களும் விடுமுறை. இவற்றோடு மே 1 தொழிலாளர் நாளும், 1945இல் போர் முடிந்ததை நினைவுகூரும் மே 8உம் மாறாத் திகதிகள். விடுமுறை வியாழனில் வந்தால் வெள்ளியையும் சேர்த்து நான்கு நாள் எடுப்பதை அங்கே ‘பாலம் போடுதல்’ என்கிறார்கள். 2027இல் விண்ணேற்ற வியாழன் மே 6. ஆகவே 6 முதல் 9 வரை பலருக்கு நான்கு நாட்கள் கிடைக்கும். 2028இல் மே 1உம் மே 8உம் திங்கட்கிழமைகளில் வருகின்றன, மே 25 விண்ணேற்ற வியாழன், ஜூன் 5 பெந்தகோஸ்துத் திங்கள். அந்த ஆண்டில் உறவினரோடு சுற்றித் திரிய மே மாதம் கொடுத்து வைத்தது.

ஒரு விலக்கு உண்டு. உணவகத்தில் வேலை செய்யும் உறவினருக்கு இந்தப் பாலங்கள் எதுவும் கிடையாது, ஊரே ஓய்வெடுக்கும் நாளில்தான் அவருக்கு வேலை கூடும். எனவே பொது விடுமுறையை நாட்காட்டியில் பார்த்துவிட்டுத் திகதி குறிக்காமல், அவரிடமே கேட்டுக் குறிக்க வேண்டும்.

பாடசாலை விடுமுறைக்காகப் பிரான்சை ஏ, பி, சி என மூன்று வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள். பாரிஸ் ‘சி’ வலயத்தில் இருக்கிறது. வசந்த விடுமுறை ஒவ்வொரு வலயத்துக்கும் இரண்டு கிழமை, மூன்றும் முன்பின்னாக வருவதால் ஏப்ரலில் தொடங்கி மே முதற்கிழமை அளவு வரை எங்கேனும் ஒரு வலயத்துப் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். அந்த நாட்களில் பாரிஸ் நெரிசலாக இருக்கும், அதைத் தவிர்க்கச் சொல்வார்கள். நான் மறுத்துச் சொல்கிறேன்: பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அம்மம்மாவுக்குச் ‘சி’ வலயத்து இரண்டு கிழமைகளே மிகச் சிறந்த நாட்கள். பிரெஞ்சு தெரிந்த, மெத்ரோ தெரிந்த, கையைப் பிடித்துக் கூட்டிப்போகக் கூடிய வழிகாட்டி பன்னிரண்டு வயதுப் பேத்தியை விட வேறு யார்?

மே 1ஆம் திகதியில் எந்த அருங்காட்சியகத்தையும் திட்டமிட வேண்டாம். லூவரும் வெர்சாய் அரண்மனையும் அன்று பூட்டு. தெருமுனைகளில் சாதாரண மக்களே சிறு வெள்ளை மணிப்பூக் கொத்துகளை விற்பதை மட்டும் பார்க்கலாம். அதற்கு அன்று அனுமதிப்பத்திரம் தேவையில்லை. மற்றக் கிழமைகளிலும் லூவர் செவ்வாயில் மூடியிருக்கும், ஓர்சே அருங்காட்சியகமும் வெர்சாயும் திங்களில் மூடியிருக்கும். பொம்பிடூ கலை மையம் 2025இல் திருத்த வேலைக்காக மூடப்பட்டது, 2030 வரை திறக்காது.

மடுவுக்கும் மன்னாருக்கும் நடந்து போய்ப் பழகிய கத்தோலிக்கக் குடும்பங்கள் பெரிய வெள்ளியையும் உயிர்த்த ஞாயிற்றையும் நோத்ர் டாமில் கழிக்க விரும்பக்கூடும். 2019 ஏப்ரல் 15இல் எரிந்த அந்தப் பேராலயம் 2024 டிசெம்பர் 8இல் மீண்டும் திறக்கப்பட்டது, உள்ளே செல்லக் கட்டணம் இல்லை. பெரிய வெள்ளி பாரிசில் விடுமுறை அல்ல என்பதை மறக்க வேண்டாம், கூட்டிச் செல்ல ஆள் கிடைக்காமற் போகலாம். லூர்து மாதாவிடம் போக எண்ணுகிறவர்களுக்கு அங்கே யாத்திரைக் காலம் உயிர்த்த ஞாயிற்றோடு சூடு பிடிக்கிறது. பாரிசிலிருந்து அதிவேகத் தொடருந்திலும் ஐந்து மணித்தியாலம் அளவு ஆகும், எனவே இரண்டு நாட்களை அதற்கென ஒதுக்குங்கள். லா சப்பல் பிள்ளையார் தேரைப் பார்க்க நினைப்பவர்களோ வசந்தத்தை விட்டுவிட்டு ஓகஸ்ட் கடைசிக்கு நாள் பார்க்க வேண்டும்.

நம்முடைய பக்கம்

வயல் செய்கிறவருக்கு இங்கேயும் ஒரு நாட்காட்டி இருக்கிறது. காலபோக அறுவடை முடிந்து நெல்லைக் கொடுத்துக் கணக்குத் தீர்க்கப் பங்குனி ஆகிவிடும். சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறப்பது சித்திரை அளவில். இரணைமடுவின் கீழ் வயல் உள்ளவர்களுக்கு, குளத்து நீர்மட்டத்தைப் பார்த்துச் சிறுபோகக் கூட்டத்தில் எவ்வளவு நிலம் விதைப்பது என்று தீர்மானிக்கப்படும்வரை எதுவும் நிச்சயமில்லை. அந்த ஆண்டு தமது பங்குக்கு நிலம் வராது என்று தெரிந்தவர் மே மாதத்தைத் தாராளமாக எடுக்கலாம். வருமென்று எதிர்பார்ப்பவர் விதைப்பையும் முதல் தண்ணீரையும் யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்யாமல் திகதி குறித்தால், ஈபிள் கோபுரத்தடியில் நின்றுகொண்டு வாய்க்காலைப் பற்றித் தொலைபேசியில் சண்டை பிடிக்க வேண்டியிருக்கும். மானாவாரிக்காரருக்கு இந்தச் சிக்கல் இல்லை. மாசி கழிந்தால் ஆவணி வரை அவர் விடுதலை.

பாடசாலை செல்லும் பிள்ளைகளைக் கூட்டிப் போவோருக்குச் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய விடுமுறை சிறியது, ஆனால் செரிப் பூவின் நாட்களோடு சேர்ந்து வருகிறது. வற்றாப்பளையில் கடல்நீரில் விளக்கெரியும் வைகாசிப் பொங்கலுக்கு நேர்த்தி உள்ளவர்கள், அந்தத் திங்கட்கிழமை எப்போது என்று கோயிலில் கேட்டுவிட்டே பயணச்சீட்டை எடுப்பார்கள். மே 18இல் முள்ளிவாய்க்காலில் நிற்க வேண்டியவர்கள் யார் என்பது அவரவர் வீட்டுக்குத் தெரியும். திகதி குறிக்குமுன் அதை ஒரு தடவை நினைத்துக்கொண்டால் போதும்.

பின்னோக்கி எண்ணுங்கள்

திகதியை ஏப்ரலில் பூவைப் பார்த்துவிட்டுத் தீர்மானிக்க முடியாது என்பதுதான் நமக்கும் ஐரோப்பாவுக்குள் வாழ்பவருக்கும் உள்ள வித்தியாசம். இலங்கைக் கடவுச்சீட்டில் போகிறவருக்கு, பிரான்ஸ் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும், அதற்கான விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்து 15 நாட்களுக்கு முன்புவரை கொடுக்கலாம். 15 நாள் என்பது சட்டத்தின் எல்லை, வன்னியிலிருந்து போகிறவர் அதை நம்பித் திட்டமிடக் கூடாது. முடிவு சொல்ல வழமையாக 15 நாட்கள், சில கோப்புகளுக்கு 45 நாட்கள் வரை எடுக்கலாம். கைரேகை கொடுக்க நேரில் கொழும்புக்குப் போக வேண்டும். வசந்தத்துக்கு முன்னைய மாதங்களில் நேரம் ஒதுக்கிக் கிடைப்பதும் கடினம்.

அதற்கும் முன்பு, பாரிசில் உள்ள உறவினர் தமது நகரசபையில், நம்மவர்கள் ‘மெரி’ என்று சொல்லும் இடத்தில், உங்களைத் தம் வீட்டில் தங்க வைப்பதற்கான சான்றிதழைப் பெற்று அதன் மூலப் பிரதியை அனுப்ப வேண்டும். அதற்கு அவர் 30 யூரோ வரி முத்திரை செலுத்துகிறார். நீங்கள் வரும் திகதியும் திரும்பும் திகதியும் அந்தத் தாளிலேயே எழுதப்படுகின்றன, ஆகவே நாள் பார்த்தல் அங்கேயே முடிந்துவிட வேண்டும். மே 10இல் இறங்க விரும்பும் ஒருவர் டிசெம்பரில் உறவினரோடு திகதியைப் பேசி, ஜனவரியில் சான்றிதழுக்கு அனுப்பி, பெப்ரவரியில் விண்ணப்பத்தைக் கொடுத்தால் நெருக்கடி இல்லை. கடவுச்சீட்டு நீங்கள் ஐரோப்பாவை விட்டு வெளியேறும் நாளுக்குப் பின்னும் குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். புதுப்பிப்பதானால் கார்த்திகைக்கு முன்பே வவுனியா அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு, தங்கும் நாட்கள் முழுவதையும் அடக்கியதாக இருக்க வேண்டும். விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவருக்கு 90 யூரோ, ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவருக்கு 45 யூரோ. சேவைக் கட்டணம் வேறு. எந்த 180 நாட்களுக்குள்ளும் 90 நாட்களுக்கு மேல் தங்க முடியாது.

விசா கிடைக்குமுன் பணம் திருப்பித் தராத பயணச்சீட்டை எடுக்க வேண்டாம். முன்பதிவுத் தாள் போதும்.

என் தெரிவு

அறுபது வயதைத் தாண்டிய பெற்றோர் முதல் தடவை போகிறார்கள் என்றால், மே 14 அளவில் இறங்கி ஜூன் 10 அளவில் திரும்பச் சொல்வேன். பனிப் புனிதர்கள் போய்விட்டார்கள், மரமெல்லாம் இலை விட்டிருக்கும், ஜூலை மாதத்து உல்லாசப் பயணிகளின் கூட்டமும் இன்னும் வரவில்லை. மே கடைசியில் ரோலாந் கரோஸ் டெனிஸ் போட்டி தொடங்குவதால் ஹோட்டல் விலை ஏறும், ஆனால் உறவினர் வீட்டில் தங்குகிறவரை அது தொடாது. இளம் தம்பதியர், செரிப் பூவும் படமும் வேண்டுமென்போர் ஏப்ரல் 8 முதல் 24 வரை, நல்ல குளிர்ச்சட்டையோடு. பேரப்பிள்ளைகளுக்காகப் போகிறவர்கள் ‘சி’ வலயத்தின் திகதியைப் பார்க்கட்டும். மார்ச் மாதத்தை நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன், பயணச்சீட்டை இனாமாகக் கொடுத்தாலும்.

கிழமையைத் தெரிவு செய்த பிறகு நாளையும் பாருங்கள். நவிகோ என்ற கிழமைப் பயண அட்டை திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும், வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் அல்ல. வியாழக்கிழமை இறங்கி அதை வாங்கினால் நான்கு நாளில் முடிந்துவிடும். ஞாயிறு பின்னேரமோ திங்கள் காலையோ இறங்குவது சிக்கனம். ஆனால் விமான நிலையத்துக்கு உறவினர் வர வேண்டுமென்றால் ஞாயிறுதான் அவருக்கு வசதி. ஈபிள் கோபுரத்தின் மேலே ஏற விரும்பினால் இணையத்தில் ஒன்றிரண்டு மாதங்களுக்கு முன்பே சீட்டை எடுக்கச் சொல்லுங்கள், வசந்தத்து வார இறுதிகள் விரைவில் முடிந்துவிடும்.

உடுப்பைப் பொறுத்தவரை தடித்த ஒன்றைவிட மெல்லிய மூன்றை ஒன்றின் மேல் ஒன்றாக அணிவது நல்லது. காலையில் மூன்றும், மெத்ரோவுக்குள் ஒன்றும், மாலையில் மீண்டும் மூன்றும் தேவைப்படும். காலை மூடிய சப்பாத்தும் தடித்த காலுறையும் ஏப்ரலில் கட்டாயம். குளிர்ச்சட்டைகளை இங்கே வாங்கிச் செலவழிக்க வேண்டாம், உறவினர் வீட்டில் யாரேனும் ஒருவருடையது பொருந்தும். ஆனால் முதலாவது சட்டையை மட்டும் பெரிய பெட்டியில் போட்டுப் பூட்டிவிடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்: பெட்டி வருவதற்குள், ஆர்.இ.ஆர். நிலையத்துத் திறந்த மேடையில் காலை ஆறு மணிக்கு நிற்க நேர்ந்தால், மே மாதம்கூட மார்ச் போலத்தான் இருக்கும்.